வழிகாட்டி இல்லாமல் மலை ஏறலாமா?

மதுரையில் பிறந்து வளர்ந்த நமக்குப் பழமை புதிதன்று. எத்திசையில் சென்றாலும் ஒரு குன்று, குன்றில் ஒரு குகை, குகையில் ஒரு கல்வெட்டு. ஆயினும், பார்த்துத் திரும்பிய பின் எதைப் பார்த்தீர்கள் என்று கேட்டால் விழிக்கிறோம். பள்ளிச் சுற்றுலாவில் அவ்விடத்தை நன்கறிந்த உள்ளூர் வழிகாட்டி ஒருவரைக் கூலி கொடுத்து அமர்த்தியே ஆக வேண்டும் என்பது என் கருத்து. வீண் செலவு என்று எண்ணும் தோழியர் சற்றுப் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் சமணர் மலைக்குச் சென்றோம். நாகமலைப் புதுக்கோட்டை அருகே கீழக்குயில்குடி. தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோவில், அதன் பின்னே பாறையில் வெட்டிய படிகள். மூச்சு வாங்க ஏறிப் பேச்சிப்பள்ளத்தை அடைந்தோம். பாறையில் வரிசையாகச் சிற்பங்கள். "புத்தர்" என்றாள் ஒருத்தி. "யாரோ முனிவர்கள்" என்றாள் மற்றொருத்தி. சுனையை எட்டிப் பார்த்தோம். ஆசிரியை தலைகளை எண்ணினார். பத்து நிமிடத்தில் இறங்கிப் புளியோதரைப் பொட்டலங்களைப் பிரித்துவிட்டோம். அந்தப் பத்து நிமிடத்துக்குள் எங்களுள் ஒருத்தி கூரான கல்லால் சிற்பத்துக்கு அருகே தன் பெயரின் முதலெழுத்தைக் கீறியிருந்தாள். யாரும் தடுக்கவில்லை. தடுக்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

பதினோராம் வகுப்பில் மீண்டும் அதே மலை. இம்முறை வரலாற்று ஆசிரியை அவ்வூர்ப் பெரியவர் ஒருவரிடம் முன்னதாகவே பேசி வைத்திருந்தார். கல்வெட்டு அறிஞர்கள் வரும்போதெல்லாம் உடன் ஏறி, அவர்கள் படித்துச் சொன்னதைக் கேட்டுக் கேட்டு மனத்தில் பதித்துக்கொண்டவர். வெயில் ஏறுமுன் வரச் சொன்னார். சாய்ந்த வெயிலில்தான் எழுத்தின் பள்ளங்கள் நிழல் கட்டித் தெரியுமாம். உச்சி வெயிலில் பாறை வெறும் பாறைதான்.

"புத்தர் இல்ல ஆத்தா, தீர்த்தங்கரர். தலைக்கு மேல நாகம் படம் எடுத்திருக்கா? அவர் பார்சுவநாதர். மேலெல்லாம் கொடி படர்ந்து நிக்கிறாரே, அவர் பாகுபலி."

பின்பு ஒரு சிற்பத்தின் கீழிருந்த எழுத்துகளைத் தொடாமல் விரலால் சுட்டினார். வட்டெழுத்து; 9, 10ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்தது. "இந்தத் திருமேனியைச் செய்ய வச்சது ஒரு தாய். பேரு குணமதியார். அச்சணந்தின்னு பெரிய துறவி இருந்தாரு, அவரோட அம்மா."

அச்சணந்தியின் பெயர் ஆனைமலையிலும் அழகர்மலையிலும் உத்தமபாளையத்திலும் உள்ளதாம். அரசர்களின் பெயர்களையும் ஆண்டுகளையும் மனப்பாடம் செய்தே பழகிய எங்களுக்கு, ஆயிரம் ஆண்டுகளாகப் பாறையில் நிலைத்திருக்கும் ஒரு தாயின் பெயர் வியப்பாக இருந்தது. மெல்ல ஒருத்தி மட்டும் கூட்டத்திலிருந்து விலகிப் போனாள். இரண்டாண்டுகளுக்கு முன் தான் கீறிய எழுத்தைத் தேடிக் கண்டுபிடித்து, கைக்குட்டையை நனைத்துத் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை. அவள் பொல்லாதவள் அல்லள். அன்று அவளுக்குச் சொல்வாரில்லை, அவ்வளவே.

"நூலில் படித்துக்கொள்ளலாமே, கைப்பேசியில் பார்த்துக்கொள்ளலாமே" என்பாருண்டு. படிக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் பாறையில் எந்த மூலையில் எந்த எழுத்து என்று கைப்பேசி கைநீட்டிக் காட்டாது. 1606இல் நம் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி அடிகளாரும் உரோமையில் மறைநூல் கற்றவர்தாம். இருந்தும் வடமொழி பயில இங்குள்ள சிவதர்மர் என்னும் அந்தணரிடம் மாணவராக அமர்ந்தார்.

வழிகாட்டி என்று வருவோர் எல்லாரும் அறிந்தவர் என்று நான் சொல்லவில்லை. வேறோர் இடத்தில் எங்களுக்கு வாய்த்தவர் மூச்சு விடாமல் பேசினார். குதிரை ஓடும் சுரங்கப்பாதை என்றார், புதையல் என்றார். "அதை யார் பார்த்திருக்கிறார்கள், அண்ணா?" என்று கேட்டதும் அடுத்த தூணுக்கு நகர்ந்துவிட்டார். கீழக்குயில்குடித் தாத்தாவோ நாங்கள் கேட்டவற்றில் பாதிக்கு, "தெரியாது ஆத்தா, படிச்சவுங்களைக் கேட்டுச் சொல்றேன்" என்றே விடை சொன்னார். அவர் சொன்ன மற்ற பாதியை நான் நம்புவதற்கு அதுவே காரணம். சுற்றுலாத் துறையின் அடையாள அட்டை உண்டா என்று பார்ப்பதும், தொல்லியல் படித்தவர்களிடம் முன்கூட்டிக் கேட்டு ஆளைத் தெரிந்தெடுப்பதும் ஆசிரியைகளுக்கு ஒரு நாள் வேலைதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டியில் தமிழிக் கல்வெட்டும் தீர்த்தங்கரர் சிற்பமும் குடைவரைக் கோவிலும் உள்ளன. 2022 நவம்பரில் அது தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024இல் அதை உள்ளடக்கிய பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கான உரிமை ஏலம் விடப்பட்டபோது சுற்றுவட்டாரமே திரண்டு எதிர்த்தது; 2025 சனவரியில் மத்திய அரசு அதனைக் கைவிட்டது. மலையில் என்ன இருக்கிறது என்று அறிந்தவர்கள் அங்கே இருந்தார்கள். புளியோதரை தின்றுவிட்டுத் திரும்பிய நாங்கள் எந்த மலைக்காக வாய் திறந்திருப்போம்?

இனிப் பணத்துக்கு வருகிறேன். வகுப்பில் 50 பேர். வழிகாட்டிக்கு 1,000 ரூபாய் என்றால் தலைக்கு 20 ரூபாய். பேருந்துக் கட்டணத்தையே இரண்டு தவணையாகக் கட்டும் தோழியர் நம்மிடையே உண்டு என்பதை நான் மறக்கவில்லை. ஆனால் ஒரு காலை முழுதும் மலையேறி, தொண்டை வறளப் பேசிய பெரியவருக்கு நன்றியுரையும் ஒரு பேனாவும் மட்டும் கொடுத்து அனுப்புவதும் முறையன்று. அதுவும் உழைப்புத்தான். அவருக்கும் வீட்டில் உலை வைக்க வேண்டும்.

வரும் ஆண்டு மாங்குளம் மலைக்குப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. நெடுஞ்செழியன் பெயரைத் தாங்கிய, கி.மு. 2ஆம் நூற்றாண்டினது என அறிஞர் கருதும் தமிழிக் கல்வெட்டு உள்ள இடம். பெற்றோருக்கு அனுப்பும் சுற்றறிக்கையிலேயே வழிகாட்டிக் கூலியையும் சேர்த்துவிடுமாறு தலைமையாசிரியைச் சகோதரியை வேண்டுகிறோம். இயலாத தோழியரின் பங்கை ஈடுகட்ட, திரும்பும் வழியில் வழக்கமாகக் குடிக்கும் ஜிகர்தண்டாவை விட்டுவிடலாமா என்று வகுப்பில் கேட்டேன். 31 கைகள் உயர்ந்தன. மற்ற 19 பேரிடம் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன்.