கொலைகாரனுக்கு உணவு உண்டு. போதை மருந்து வைத்திருந்தவனுக்கு இல்லை!

அமெரிக்காவில் ஒரு விசித்திரச் சட்டம்

ஒருவன் கொலை செய்தான். கோர்ட்டு தண்டித்தது. பல வருஷம் ஜெயிலில் கிடந்து, தண்டனையை முடித்து வெளியே வந்தான். அவன் ஏழை என்றால், சர்க்காரின் உணவு உதவியைக் கேட்டுப் பெறலாம்.

இன்னொருவன் போதை மருந்து வைத்திருந்தான். அவனும் தண்டனையை முடித்து வெளியே வந்தான். அவனும் ஏழைதான். ஆனால் அவனுக்கு உணவு உதவி கிடையாது. ஆயுள் முழுவதும் கிடையாது!

இப்படி ஒரு சட்டம் பணக்கார நாடான அமெரிக்காவில் 1996-ம் வருஷம் வந்தது.

உணவுச் சீட்டு

அங்கே ஏழைகளுக்கு உணவுச் சீட்டு கொடுக்கும் ஏற்பாடு 1939-ல் ராச்செஸ்டர் நகரில் தொடங்கியது. சில வருஷங்களில் அது நின்றுபோயிற்று. 1964-ல் ஜனாதிபதி ஜான்சன் அதைச் சட்டமாக்கினார்.

முன்பு காகிதச் சீட்டு. இப்போது பிளாஸ்டிக் கார்டு. மாதாமாதம் அதில் பணம் ஏறும். கடையில் ரொட்டி, பால், காய்கறி, இறைச்சி வாங்கலாம். மதுவும் சிகரெட்டும் வாங்க முடியாது.

இரண்டே நிமிடம்!

1996 ஆகஸ்டு 22-ந் தேதி, ஏழைகளுக்கான உதவிகளை மாற்றி அமைக்கும் பெரிய சட்டத்தில் ஜனாதிபதி கிளிண்டன் கையெழுத்திட்டார். போதை மருந்துத் தடை அதில் ஒரு சிறு பகுதி. டெக்சாஸ் செனட்டர் பில் கிராம் கொண்டுவந்த திருத்தம் அது. செனட் சபையில் அதைப் பற்றி நடந்த விவாதம் இரண்டே நிமிடம்!

‘போதை மருந்துக் குற்றவாளிக்கு மக்களின் வரிப் பணம் எதற்கு? கடுமையாக இருந்தால்தான் பயம் வரும்’ என்பது தடையை ஆதரித்தவர்களின் வாதம். போதை மருந்தால் பிள்ளைகளை இழந்த பெற்றோருக்கு இந்தக் கோபம் புரியும்.

பிள்ளைகள் என்ன செய்தார்கள்?

ஆனால் தடை யார் வயிற்றில் அடிக்கிறது?

ஒரு தாய், இரண்டு குழந்தைகள் என்று வைத்துக்கொள்வோம். தடைக்கு உள்ளானவள் தாய் மட்டுமே. குழந்தைகளுக்கு உதவி உண்டு. ஆகவே குடும்பத்தில் இரண்டு பேர் என்றுதான் கணக்கு. அதே சமயம், தாயின் சம்பளம் முழுவதையும் குடும்ப வருமானத்தில் சேர்ப்பார்கள். ஆள் கணக்கில் அவள் இல்லை. பணக் கணக்கில் இருக்கிறாள்! இரண்டு பேருக்கு அளந்த உணவை மூன்று பேர் பங்கிட வேண்டும்.

ஜெயிலிலிருந்து வந்தவருக்கு வேலை கிடைப்பதும் கடினம். கையில் காசு இல்லை, வேலை இல்லை, உணவும் இல்லை என்றால் அவர் எங்கே போவார்?

பிளாரிடாவில் போதை மருந்து கடத்தித் தண்டனை பெற்றவர்களைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி 2019-ல் வெளிவந்தது. தடை தொடங்கிய தேதிக்குச் சற்று முன் குற்றம் செய்தவர்களையும், சற்றுப் பின் செய்தவர்களையும் அது ஒப்பிட்டது. தடைக்கு உள்ளானவர்களே அதிகமாக மீண்டும் ஜெயிலுக்குத் திரும்பினார்கள். அதுவும் பெரும்பாலும் பணத்துக்காகச் செய்த குற்றங்களால்!

குற்றத்தைக் குறைக்க வந்த தடை, குற்றத்தை வளர்த்துவிட்டது.

மனம் மாறிய ராஜ்யங்கள்

நல்ல வேளையாக, மத்திய சட்டத்திலேயே ஒரு வாசல் இருந்தது. ஒவ்வொரு ராஜ்யமும் தன் சட்டசபையில் தனிச் சட்டம் செய்து, தடையை நீக்கலாம், தளர்த்தலாம். கலிபோர்னியா 2015-ல் நீக்கியது. மேற்கு வர்ஜீனியா 2019-ல் தளர்த்தியது. அதன் பிறகு, தடையை முழுசாக வைத்துக்கொண்டு மிஞ்சிய ராஜ்யம் தென் கரோலினா ஒன்றுதான். வேறு சில ராஜ்யங்கள் சிகிச்சை, பரிசோதனை என்று நிபந்தனை போட்டன.

இரண்டு நிமிடத்தில் போட்ட முடிச்சை அவிழ்க்க இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று!

குற்றம் செய்தவருக்குத் தண்டனை வேண்டியதுதான். அதற்குக் கோர்ட்டும் ஜெயிலும் இருக்கின்றன. தண்டனை முடிந்து வீடு திரும்பிய தாயின் தட்டைப் பறித்தால், அவள் பிள்ளையின் தட்டும் அல்லவா குறைகிறது?