நர்சிங் படிக்கப் பெரிய பல்கலைக்கழகமா, சின்னக் கல்லூரியா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் எனக்கு ஓய்வு ஏது? இந்த வருஷம் சாத்தான்குளம், திசையன்விளை, உடன்குடிப் பக்கமிருந்து அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். "சார், மகளுக்கு நர்சிங். சென்னையில ஒரு பெரிய யுனிவர்சிட்டியில சீட் தாரோம்னு சொல்லுதாவ. பக்கத்துல சின்னக் காலேஜ்லயும் கெடைக்கும். எதுல சேக்க?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால் இங்கே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நர்சிங்கைப் பொறுத்தவரை கல்லூரிக் கட்டடத்தின் அளவைப் பார்க்காதீர்கள். அந்தக் கல்லூரியின் ஆஸ்பத்திரியைப் பாருங்கள். நோயாளி இல்லாத இடத்தில் எத்தனை ஏக்கர் வளாகம் இருந்தாலும் அங்கே நர்ஸ் உருவாக மாட்டாள்.

பலருக்குத் தெரியாத ஒரு விஷயம். தமிழ்நாட்டில் அரசு நர்சிங் கல்லூரியில் படித்தாலும், தனியார் இணைப்புக் கல்லூரியில் படித்தாலும் பட்டம் தருவது ஒரே பல்கலைக்கழகம்தான்: தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். இந்தியாவே மதிக்கும் வேலூர் சி.எம்.சி. நர்சிங் கல்லூரிக்கும் அதே பட்டம்தான். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தங்கள் பெயரிலேயே பட்டம் கொடுக்கின்றன. எதில் படித்தாலும் பிறகு நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்தால்தான் வேலை பார்க்க முடியும். அரசு வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், அமெரிக்கா போக என்கிளெக்ஸ் தேர்வு. தேர்வு எல்லோருக்கும் ஒன்றே. கல்லூரிப் பெயருக்கென்று அதில் தனி மார்க் கிடையாது.

வேலூர் கதையையும் சொல்கிறேன். ஐடா ஸ்கடர் அம்மையார் 1902இல் 40 படுக்கைகளோடு ஓர் ஆஸ்பத்திரி திறந்தார். 1909இல் அங்கே நர்சிங் பள்ளி தொடங்கினார். 1946இல் அது பட்டப்படிப்பாக வளர்ந்தது. தொடங்கியபோது அது எந்த அளவிலும் பெரிய இடம் இல்லை. ஆனால் படிக்கிற பிள்ளைக்குப் பக்கத்திலேயே நோயாளி இருந்தார், சொல்லிக் கொடுக்க ஆள் இருந்தது.

இதை வைத்துப் பெரிய பல்கலைக்கழகமே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். பெரிய இடத்தில் இதய அறுவை சிகிச்சை, டயாலிசிஸ், பச்சிளங்குழந்தை ஐ.சி.யூ. எல்லாம் ஒரே வளாகத்தில் இருக்கும். நல்ல நூலகம் இருக்கும், எம்.எஸ்சி. படிக்கவும் வழி இருக்கும். பிற்காலத்தில் பேராசிரியராக வேண்டும், தீவிர சிகிச்சையில் நிபுணியாக வேண்டும் என்று நினைக்கும் பிள்ளைக்கு அது பயன்தான். ஆனால் அங்கே ஒரு கட்டிலைச் சுற்றி டாக்டருக்குப் படிப்பவர், பிசியோதெரபி படிப்பவர் என்று பெரிய கூட்டமே நிற்கும். நம் பிள்ளை பின்வரிசையில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு வரலாம். நடுத்தரமான ஒரு மிஷன் ஆஸ்பத்திரியிலோ, கூட்டம் நிறைந்த ஊர் ஆஸ்பத்திரியிலோ அவளே டிரிப் போடுவாள், புண்ணுக்குக் கட்டுப் போடுவாள், பிரசவத்தில் கூட நிற்பாள்.

சின்னக் கல்லூரியில் வேறு விதமான ஆபத்து உண்டு. ஆஸ்பத்திரி காகிதத்தில் மட்டும் இருக்கும். போர்டு இருக்கும், கட்டில் இருக்கும், நோயாளி இருக்க மாட்டார். என்னிடம் படித்த ஒரு பிள்ளை அப்படி ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டாள். இரண்டாம் வருஷம் வேறு கல்லூரிக்கு மாறலாம் என்று கேட்டபோது, நாலு வருஷப் பணத்தையும் கட்டினால்தான் சர்டிபிகேட் என்றார்கள். ஆகவே ஒரிஜினல் சர்டிபிகேட்டை எங்கேயும் மொத்தமாக ஒப்படைத்துவிட்டு வராதீர்கள்.

சேர்க்கும் முன் அப்பாவோ அம்மாவோ நேரில் போய் இவற்றைக் கேளுங்கள்:

1. சொந்த ஆஸ்பத்திரியில் எத்தனை படுக்கை? இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி குறைந்தது 100 வேண்டும். எண்ணிக்கையை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். ஒரு வேலைநாள் காலையில் வார்டுக்குள் நடந்து, எத்தனை கட்டிலில் ஆள் இருக்கிறார் என்று பாருங்கள்.

2. எத்தனை ஆசிரியர்கள்? பத்து மாணவருக்கு ஒருவர் என்பது விதி. அவர்கள் மாணவிகளோடு வார்டுக்கு வருகிறார்களா?

3. கவுன்சில் அனுமதி இந்த ஆண்டுக்கு இருக்கிறதா? வெளி மாநிலக் கல்லூரி என்றால் இதை இரண்டு தடவை கேளுங்கள். புரோக்கர் வாய்ச்சொல்லை நம்பிப் பெங்களூருக்கு பஸ் ஏற்றாதீர்கள்.

4. நாலு வருஷத்துக்கும் சேர்த்து மொத்தம் எவ்வளவு? ஹாஸ்டல், யூனிபார்ம், பஸ், தேர்வுக் கட்டணம் எல்லாம் எழுத்தில் வேண்டும்.

5. மூன்றாம், நாலாம் வருஷப் பிள்ளைகள் இரண்டு பேரிடம் தனியாகப் பேசுங்கள். கரெஸ்பாண்டன்ட் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

கடைசியாகப் பணம். இந்தக் கேள்வியின் உயிர்நாடியே இதுதான். தனியார் ஆஸ்பத்திரியில் புது நர்சுக்கு என்ன சம்பளம் கொடுக்கிறார்கள் என்று நம் ஊரில் வேலை பார்க்கும் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். அரசிலும் பலர் தொகுப்பூதியத்தில்தான் தொடங்குகிறார்கள். அந்தச் சம்பளத்தில் பல லட்சம் கடனை அடைப்பது எப்படி? பனையேறியும் வாழை வெட்டியும் சேர்த்த நகையை அடகு வைத்துப் பெரிய பேரை வாங்காதீர்கள். முதலில் அரசுக் கலந்தாய்வுக்கு விண்ணப்பியுங்கள். தமிழ்நாட்டில் அதற்கு பிளஸ் டூ மார்க் போதும். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும். கல்விக் கடனில் 4 லட்சம் வரை சொத்துப் பிணை தேவையில்லை.

நோயாளி நிறைந்த ஆஸ்பத்திரி, கூட நிற்கும் ஆசிரியர், தாங்கக்கூடிய கட்டணம். இந்த மூன்றும் இருந்தால் சின்னக் கல்லூரியில் தைரியமாகச் சேருங்கள். ஒன்று குறைந்தாலும், பெரிதோ சிறிதோ, திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். ஆண் பிள்ளைகளுக்கும் இதே கணக்குத்தான்.

நர்சிங் சேர இருக்கும் பிள்ளை உங்கள் தெருவில் இருந்தால் இதை அந்த வீட்டில் படித்துக் காட்டுங்கள். கேள்வி இருந்தால் கீழே எழுதுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.