ஏணியா, சறுக்குமரமா?

வையம்பட்டிப் பகுதியிலிருந்து அன்னை ஒருவர் நமக்கு எழுதியுள்ளார். வெளிநாட்டில் பணிபுரியும் அவர்தம் மகன் பீடியை விட்டுவிட்டுப் பேனா அளவிலான மின்சிகரெட்டைப் பிடித்துவந்தானாம். இவ்விடுமுறைக்குச் சிறு பெட்டி போன்ற பெரிய கருவியுடன் வந்து, “இது உயர்ந்த ரகம், அம்மா” என்கிறானாம். இதில் தீங்கில்லையா என்பது தாயின் வினா.

நிக்கோட்டின் கலந்த திரவத்தை மின்கலத்தின் சூட்டால் ஆவியாக்கி உள்ளிழுக்கச் செய்வதே இக்கருவி. புகையிலை எரிவதில்லை என்பது மெய்யே. ஆயினும் மனிதனை அடிமையாக்குவது நிக்கோட்டினே அன்றோ! கருவி பெரிதாகும்போது ஆவியும் மிகும், வேட்கையும் வளரும்.

சட்டமும் இதனை விலக்கியுள்ளது. தமிழக அரசு 2018-லும், நடுவண் அரசு 2019-லும் தடை விதித்தன. நாட்டிற்குள் கொண்டுவருவோர்க்கு முதற் குற்றத்திற்கே ஓராண்டு வரை சிறை, அல்லது 1 இலட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே கிட்டலாம். சிறிய கருவி, பெரிய கருவி என்ற வேறுபாடு அங்கில்லை.

வத்திக்கானில் சிகரெட் விற்பனையால் நல்ல வருவாய் இருந்தது. எனினும், உயிரைக் குடிக்கும் ஆதாயம் வேண்டாமென 2018 முதல் அதனை நிறுத்தச் செய்தார் மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ்.

அன்னையே, மகனைக் கடிந்து விரட்டாதீர்கள். பீடியை விட்ட மனவலிமை அவனிடம் உண்டு. இதையும் விட அதுவே போதும். 1800 11 2356 என்ற அரசின் இலவசத் தொலைபேசி எண்ணில் ஆலோசனை பெறச் சொல்லுங்கள். இன்றிரவு குடும்பச் செபத்தில் அவனை அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். கருவியைக் கீழே வைப்பதே அவன் ஏறவேண்டிய அடுத்த படி.