ஐஸ்பெட்டியில் புத்தகம்

அக்கா பையன் சில வருஷங்களுக்கு முன் அமெரிக்காவில் கனெக்டிகட் பக்கம் வேலையில் இருந்தான். நான் போயிருந்தபோது ஒரு நாள் காரில் நியூ ஹேவனுக்கு அழைத்துப்போனான். யேல் பல்கலைக்கழகம் இருக்கிற ஊர். 'இறங்குங்க மாமா, உங்களுக்குப் பிடிச்ச இடம்' என்றான். எதிரே வெள்ளை வெளேரென்று ஒரு பெரிய பெட்டி. நாலு மூலையில் நாலு கால். மருந்துக்கு ஒரு ஜன்னல் கிடையாது.

'என்னடா இது, கோல்டு ஸ்டோரேஜா?'

'லைப்ரரி மாமா!'

நான் கேலியாகச் சொன்னது ஒரு விதத்தில் பலித்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

பைனிக்கி நூலகம். அரிய புத்தகங்களுக்கும் கையெழுத்துப் பிரதிகளுக்கும் மட்டுமே ஆன இடம். 1963-ல் திறந்தார்கள். பைனிக்கி குடும்பத்துக்குப் பணம் வந்தது பச்சை ஸ்டாம்பில். மளிகை வாங்கினால் கடைக்காரர் ஸ்டாம்ப் கொடுப்பார். நோட்டில் ஒட்டிச் சேர்த்துக் கொடுத்தால் டோஸ்டரோ, மேஜை விளக்கோ கிடைக்கும். காபிப்பொடி கூப்பன் சேர்த்து எவர்சில்வர் டம்ளர் வாங்கின நம்மூர் மாமிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கூப்பனில் ஒரு லைப்ரரியே எழும்பும் என்று யார் கண்டது?

கட்டடத்தை வரைந்தவர் கார்டன் பன்ஷாஃப்ட். அவருக்கு இருந்த சிக்கல் இதுதான்: பழைய புத்தகத்துக்கு வெயில் ஆகாது. தாள் பழுக்கும், மை வெளிறும். அதற்காக ஒரேயடியாக இருட்டில் வைத்தால் அது லைப்ரரி இல்லை, குடோன். எனவே வெளிச்சத்தை வடிகட்டி உள்ளே விடும் கல்லைத் தேடினார். முதலில் ஓனிக்ஸ் கல்லைத்தான் நினைத்தார். சரிப்படவில்லை. கடைசியில் வெர்மான்ட் மாநிலத்துச் சலவைக்கல்லை ஒண்ணேகால் அங்குல கனத்தில் பலகையாக அறுத்து, கிரானைட் சட்டங்களுக்குள் பொருத்தினார்.

உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றுவிட்டது. வெளியே செத்த வெள்ளையாக இருந்த அதே சுவர், உள்ளே தேன் நிறத்தில் எரிகிறது. கல்லுக்குள் நரம்பு நரம்பாகத் தெரிகிறது. ஒரு மேகம் கடந்தால் சுவர் முழுக்க மங்கி, திரும்ப ஏறுகிறது. நடுவில் ஆறு மாடி உயரத்துக்குக் கண்ணாடிக் கோபுரம். அதற்குள் சுமார் 1,80,000 புத்தகங்கள், தோல் முதுகைக் காட்டிக்கொண்டு. கர்ப்பக்கிருகம் மாதிரி சுற்றி வரலாம், உள்ளே போக முடியாது. படிக்க வேண்டுமென்றால் கேட்டுவிட்டு, கீழ்த்தளத்து அறையில் போய் உட்கார வேண்டும். கொண்டுவந்து தருவார்கள்.

தீப்பிடித்தால் காற்றை எல்லாம் உறிஞ்சிப் புத்தகத்தைக் காப்பாற்றி, உள்ளே இருக்கிற மனிதரைக் கொன்றுவிடும் என்று மாணவர்களிடையே ஒரு கதை உண்டாம். கட்டுக்கதைதான். நல்ல கதை என்பதால் சாக மாட்டேன் என்கிறது.

நமக்கும் இந்த ஊருக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. எலிஹு யேல் 1687 முதல் 1692 வரை சென்னைக் கோட்டையின் கவர்னர். சொந்த வியாபாரத்தில் ஏகமாகச் சம்பாதித்தார். ஊழல் புகாரில் கம்பெனி பதவியைப் பறித்தது. 1718-ல் இந்தக் கல்லூரிக்கு ஒன்பது மூட்டைச் சரக்கு, 417 புத்தகங்கள், ராஜா படம் ஒன்று அனுப்பிவைத்தார். சரக்கை விற்றதில் 562 பவுன். பெயர் வைத்துவிட்டார்கள். நம்ம ஊரில் சுருட்டின காசு எங்கே போய் லைப்ரரி ஆயிருக்கிறது பாருங்கள்!

இப்போது கோல்டு ஸ்டோரேஜ். 1977-ல், இவ்வளவு காவலையும் மீறி, புத்தகங்களுக்குள் வண்டு புகுந்துவிட்டது. விஷப்புகை போடவில்லை. பிளாஸ்டிக் பையில் கட்டி மூன்று நாள் மைனஸ் 36 டிகிரி செல்ஷியஸில் உறையவைத்தார்கள். வண்டு காலி, புத்தகம் க்ஷேமம்.

இதைக் கேட்டதும் எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது. எங்கள் வீட்டுப் பரண் பெட்டியில் தாத்தா கையால் எழுதின வைத்தியக் குறிப்பு நோட்டு ஒன்று உண்டு. பூச்சி ரொம்ப ரசனையோடு படித்திருக்கிறது. 'சுக்கு' இருக்கிறது, 'மிளகு' இருக்கிறது, எவ்வளவு என்ற இடத்தில் ஓட்டை.

ஊர் திரும்பிய அன்றே நோட்டைப் பையில் போட்டுக் காற்றுப் புகாமல் ஒட்டி ஃப்ரீஸரில் வைத்தேன். வீட்டு ஃப்ரீஸர் மைனஸ் 18-ஐத் தாண்டாது. அதனால் மூன்று நாள் போதாது, இரண்டு வாரம். வெளியே எடுத்த பிறகும் குளிர் முழுக்க இறங்கும்வரை பையைப் பிரிக்கக் கூடாது, தாளில் ஈரம் கோத்துக்கொள்ளும்.

'பட்டாணிக்குப் பக்கத்துல என்ன அது?' என்றாள் மனைவி.

'தாத்தா.'

கதவை மெதுவாகச் சாத்தினாள். இரண்டு வாரமும் ஐஸ்கிரீம் வாங்கவில்லை.