பணம் இருக்கு, லிவரை மாத்திடலாமே!

ஊரில் யாருக்காவது பித்தக்குழாயில் புற்றுநோய் என்று தெரிந்தால், துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நம்மவர்கள் வாயிலிருந்து வரும் முதல் வசனம் மேலே இருப்பதுதான். பாறசாலை, நெய்யாற்றின்கரை, அம்பூரி என்று எங்கள் எல்லைப்புறத்தில் அடுத்த வசனமும் தயாராக இருக்கும்: "ரப்பர் தோட்டத்தை வித்திடுவோம். தங்கச்சி லிவர் குடுப்பா." தோட்டம் யார் பேரில் இருக்கிறது என்று விசாரிப்பார்கள். தங்கச்சியிடம் கேட்டீர்களா என்று யாரும் விசாரிப்பதில்லை.

நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் கடன் மனுக்களைப் புரட்டுகிறவன். இந்தக் கணக்கு தப்பு என்று சொல்ல அது போதும்.

1998-ல் டெல்லி அப்போலோவில் காஞ்சிபுரத்துக் குழந்தை சஞ்சய் கந்தசாமிக்கு, அப்பாவின் கல்லீரலில் ஒரு பகுதியை வைத்தார்கள். அந்தக் குழந்தை வளர்ந்து டாக்டரே ஆகிவிட்டது. "அதுவும் பித்தக்குழாய் கேஸ்தானே?" என்பார்கள். ஆமாம், ஆனால் அது பிறவிக் கோளாறு, புற்று இல்லை. மாற்றுக் கல்லீரலை உடம்பு நிராகரிக்காமல் இருக்க, எதிர்ப்பு சக்தியை மருந்து கொடுத்து அடக்குகிறார்கள். எங்கேயாவது மிச்சமிருக்கும் புற்றுக்கு அது கொண்டாட்டம். வெறுமனே கல்லீரலை மாற்றிய 207 புற்று நோயாளிகளின் கணக்கு 2000-ல் வந்தது. 5 வருஷம் தாண்டியவர்கள் நூற்றுக்கு 23 பேர்.

அதற்காக "ஒண்ணும் பண்ண முடியாது, வீட்டுக்குக் கொண்டு போங்க" என்பதும் சரியில்லை. அமெரிக்காவின் மேயோ கிளினிக் 1993-ல் ஒரு முறையைத் தொடங்கியது. முதலில் கதிர்வீச்சும் கீமோவும். பிறகு வயிற்றுக்குள் பரவவில்லை என்று பார்த்து உறுதி செய்வது. அதற்கப்புறம்தான் மாற்று. 12 மையங்களில் இப்படி 287 பேருக்கு ஆரம்பித்ததை 2012-ல் கணக்குப் பார்த்தார்கள். 71 பேர் மாற்று வரை போகவே முடியவில்லை. மாற்று நடந்தவர்களில் நோய் திரும்பாமல் 5 வருஷம் கடந்தவர்கள் நூற்றுக்கு 65.

ஆனால் இது எல்லோருக்கும் இல்லை. கட்டி கல்லீரலின் வாசலில் இருக்க வேண்டும், 3 செ.மீ.க்குள் இருக்க வேண்டும், வெட்டி எடுக்க முடியாததாக இருக்க வேண்டும், வேறெங்கும் பரவியிருக்கக் கூடாது. இன்னொன்று, வயிற்றுக்கு வெளியே இருந்து கட்டிக்குள் ஊசி விட்டு சதை எடுத்திருந்தால் இந்த வழி அடைபட்டுவிடும். ஊசி போன பாதையில் புற்று சிதறலாம் என்பதுதான் காரணம். ஆக, மாற்று சிகிச்சை செய்யும் டாக்டரை அந்த ஊசிக்கு முன்னால் பார்க்க வேண்டும். நம்மவர்கள் பார்ப்பதோ கடைசியில், தோட்டத்துக்கு அட்வான்ஸ் வாங்கிய பிறகு!

இப்போது தங்கச்சி விஷயம். கல்லீரலில் பாதிக்கு மேல் வெட்டிக் கொடுப்பவர்களில் ஆயிரத்துக்கு இரண்டு முதல் ஐந்து பேர் வரை இறக்கிறார்கள். கல்லீரல் திரும்ப வளரும், வாஸ்தவம். ஆனால் நோயே இல்லாத ஒருத்தியை மேஜையில் படுக்க வைக்கிறோம். கடனுக்கு ஜாமீன் போட வருகிறவரையே தனியாக உட்காரவைத்து, "தெரிஞ்சுதான் கையெழுத்துப் போடறீங்களா?" என்று கேட்கிறோம். 1994 உறுப்பு மாற்றுச் சட்டமும் கொடுப்பவரின் சொந்த விருப்பத்தைத்தான் கேட்கிறது. அண்ணன் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பி, மாமியார் பக்கத்தில் நின்று, ஊரே "தெய்வம்மா நீ" என்று புகழ்ந்தால் அவள் எப்படி முடியாது என்பாள்? அதற்குப் பெயர் விருப்பமா?

பணம் அனுப்புகிற அண்ணன்மாரே, உங்கள் பணம் பெரிய உதவிதான். ஆனால் அந்த ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு, "இவர் அந்த வரையறைக்குள் வருகிறாரா?" என்று டாக்டரிடம் முதலில் கேளுங்கள். இல்லை என்றால், தங்கச்சி பெயரை எடுக்கவே எடுக்காதீர்கள். ஆமாம் என்றால், அவளிடம் தனியாகப் பேச டாக்டரை விடுங்கள். அவள் மாட்டேன் என்றால் அதோடு நிறுத்துங்கள். காரணம் கேட்கும் உரிமை உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை.