பழைய பாஷையும் புதிய பட்டதாரியும்

காபிச் செடி முதிர்ந்து காய்ப்புக் குறைந்தால், தோட்டக்காரர் உடனே அதைப் பிடுங்கி எறிந்துவிடுவதில்லை. தண்டைத் தறித்துவிடுகிறார், அதிலிருந்தே புதுத் தளிர் வருகிறது. 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காபியைக் கொண்டுவந்த சேர்வராயன் மலையில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, சேலத்தில் கம்ப்யூட்டர் படித்து உத்தியோகத்துக்குப் போகும் பிள்ளைகளிடம் ‘கோபால்’ என்று சொல்லிப் பாருங்கள். முகம் சுளிப்பார்கள்.

கோபால் என்பது பக்கத்து வீட்டுப் பையன் அல்ல, கம்ப்யூட்டர் பாஷை. 1959-ல் அமெரிக்காவில் கூடிய குழு ஒன்று வகுத்து, 1960-ல் வெளியிட்டது. கிரேஸ் ஹாப்பர் அம்மையார் அதற்கு முன்பே அமைத்த பாஷை ஒன்று அதற்கு வழிகாட்டியது.

கற்பது கஷ்டமா? சலிப்பு என்பதே பொருத்தம். ஒரு கூட்டல் போடுவதற்குள் நான்கு பிரிவுகளாகப் பீடிகை எழுத வேண்டும். 80 கட்டங்கள் கொண்ட துளை அட்டைக்காக ஏற்பட்ட விதிப்படி, தலைப்பு எட்டாவது கட்டத்திலும் கட்டளை பன்னிரண்டாவது கட்டத்திலும் தொடங்க வேண்டும். வாக்கிய முடிவில் புள்ளி உண்டு. அந்தப் புள்ளி ஒரு நிபந்தனையின் நடுவே தவறி விழுந்தால், நிபந்தனை அங்கேயே முடிந்துவிடும். வட்டி சேரக் கூடாதவர் கணக்கிலும் வட்டி சேரும். யந்திரமோ வாய் திறக்காது!

ஆனால் காசுக் கணக்கில் அதற்கு நாணயம் அதிகம். பல புதிய பாஷைகளில் தசம எண்ணைச் சாதாரணமாக எழுதினால், பத்துக் காசுகூட உள்ளே துல்லியமாக நிற்பதில்லை. கோபாலில் பத்துக் காசு பத்துக் காசுதான். வங்கிகள் அதை எளிதில் கைவிடாததற்கு இதுவும் ஒரு காரணம். 2020 ஏப்ரலில் கொரோனாவால் வேலையிழந்தவர்களின் மனுக்கள் குவிந்தபோது, நியூஜெர்சி கவர்னர் மர்பி கோபால் தெரிந்தவர்கள் உதவிக்கு வரவேண்டுமென்று பகிரங்கமாகக் கேட்டுக்கொண்டார்.

இளைஞர்களின் பயத்தை அலட்சியம் செய்வதற்கில்லை. பழைய பாஷையில் மாட்டிக்கொண்டால் மற்ற வழிகள் அடைபடும் என்று அவர்கள் நினைப்பது நியாயமே. அவர்களைக் கடிந்து பயனில்லை. மூத்தவர்கள் ஓய்வுபெறுமுன், ஆறு மாதமாவது ஓர் இளைஞரை அவர்கள் பக்கத்தில் உட்காரவைக்கும் செலவை நிர்வாகங்கள் ஏற்க வேண்டும். அந்த வேலைக்குத் தேர்ந்த கைக்குரிய சம்பளமும் தர வேண்டும். கல்லூரிகளும் புதிதாக எழுதப் பழக்குவதோடு நில்லாமல், முப்பது வருஷத்துக்கு முன் பிறர் எழுதியதை வாசித்துத் திருத்துவதற்கும் ஒரு பருவம் ஒதுக்கலாம்.