படபடப்பு என்றால் டென்ஷன் மட்டும்தானா?

"நெஞ்சு படபடன்னு அடிக்குது" என்று சுந்தரபாண்டியத்தில் யாராவது சொன்னால், "எல்லாம் டென்ஷன், ஒரு சோடா குடி, சரியாப் போயிரும்" என்று உடனே பதில் வரும். நம்மூரில் ஆளுக்கு ஆள் டாக்டர்!

பல நேரம் அது டென்ஷன்தான், மறுக்க முடியாது. குழுக் கடன் தவணை, பிள்ளைக்கு காலேஜ் ஃபீஸ், ராஜபாளையம் மில்லில் நைட் ஷிஃப்ட்... படபடக்காமல் என்ன செய்யும்? ஆனால் சில பேருக்கு அது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல், நிமிடத்துக்கு 350 முறைக்கும் மேல் சும்மா நடுங்கிக்கொண்டிருக்கும். மணிக்கட்டில் நாடி பிடித்தால் தாளமே இருக்காது. (ஆண்டாள் கோயில் தவில்காரர் கேட்டால் எழுந்தே போய்விடுவார்.)

மன அழுத்தம் இதைத் தூண்டிவிடும் என்பது உண்மை. அட்ரினலின் ஏறுகிறது, தூக்கம் கெடுகிறது, சிலர் மதுவைத் தேடிப் போகிறார்கள். ஆனால் அது தூண்டுதல் மட்டும்தான், வேர் வேறு எங்கோ இருக்கும். 1991 மே மாதம் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ்ஷுக்கு (மூத்தவர்) ஓடும்போது இதே கோளாறு வந்தது. பதவி டென்ஷன் என்று விட்டுவிடாமல் சோதித்ததில் தைராய்டில் கிரேவ்ஸ் நோய் இருந்தது தெரிந்தது. நம் நாட்டில் பலருக்கு வேர், சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் பழுதாக்கிய வால்வு.

சரி, விஷயத்துக்கு வருவோம். பெரிய ஆபத்து படபடப்பு இல்லை. நடுங்கும் அறையில் ரத்தம் தேங்கி உறைகிறது, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். இது உள்ளவர்களுக்குப் பக்கவாத வாய்ப்பு சுமார் 5 மடங்கு. படபடப்பே தெரியாத நாளிலும் கட்டி உருவாகலாம். இதுதான் யாருக்கும் புரிவதில்லை. கல்யாணம் முடிந்தது, கடன் அடைந்தது, நெஞ்சு அமைதியானது, "இனி மாத்திரை எதுக்கு?" என்று நிறுத்திவிடுகிறார்கள். வாய் கோணி, ஒரு கை விழுந்து, பேச்சு குழறிய பிறகுதான் 108. கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நான்கரை மணி நேரம்தான் கெடு.

"டென்ஷன் ஆகாதீங்க" என்று சொல்வது சுலபம். தவணைக்காரர் வாசலில் நிற்கும்போது எப்படி ஆகாமல் இருப்பது? அந்த அறிவுரை நோயாளியின் மேலேயே பழியைப் போடுகிறது.

செலவுக் கணக்கைப் பாருங்கள். வார்ஃபரின், அசிட்ரோம் வகை மாத்திரைகள் விலை அதிகமில்லை. ஆனால் ரத்தம் எவ்வளவு இளகியிருக்கிறது என்று ஐ.என்.ஆர். சோதனை செய்துகொண்டே இருக்க வேண்டும். பெரும்பாலோருக்கு 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும். அதற்காக ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ மதுரைக்கோ போனால் பஸ் காசோடு அன்றைய கூலியும் போச்சு. வாய்ப்புச் செலவு என்று பி.காம். புத்தகத்தில் படிப்பது இதைத்தான். மாத்திரையை விடச் சோதனைக்குப் போகும் நாள்தான் விலை கூடியது.

ஐ.என்.ஆர். தேவைப்படாத புது மாத்திரைகள் வந்துவிட்டனவே என்பார்கள். வந்துவிட்டன. ஆனால் ருமாட்டிக் வால்வு நோயாளிகள் 4,500 பேருக்கு மேல் வைத்து நடத்தி 2022-ல் வெளியான இன்விக்டஸ் ஆய்வில், பழைய மாத்திரை சாப்பிட்டவர்களிடம்தான் இறப்பு குறைவு. ஆகவே சோதனையிலிருந்து தப்ப வழியில்லை.

இன்னொன்று, கீரையை அடியோடு நிறுத்தச் சொல்லும் அறிவாளிகள். நிறுத்த வேண்டாம், வாரா வாரம் ஏறக்குறைய ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும். இடுப்பு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் தானாக வாங்கிப் போடும் டைக்ளோஃபினாக்தான் பயப்பட வேண்டியது. ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷருக்கும் சுகருக்கும் வீடு தேடி வருகிறார்கள். நல்ல திட்டம். வருகிறவர் கூடவே ஒரு நிமிடம் மணிக்கட்டைப் பிடித்துப் பார்க்கலாம். தாளம் தப்பினால் ஈ.சி.ஜி.க்கு அனுப்பலாம். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சில நிமிடத்தில் ஐ.என்.ஆர். சொல்லும் கையடக்கக் கருவியும் இருக்கிறது. வீட்டுக்கு வர வேண்டும் என்றுகூட இல்லை, மாதம் ஒருநாள் கிருஷ்ணன்கோவில் வரைக்கும் அது வந்தால் போதும்.